வன்னி மேடைகளில் ஒரு பிக்ஸ்கை

கிற்றார் சத்தத்துக்கு ரிவெர்ப், அதாவது ஓர் இடத்தின் முழக்கம், சேர்க்கும் ஸ்ட்ரைமன் பிக்ஸ்கை பெடலை வாங்கலாமா என்று கேட்டு வருகிற இளம் கிற்றார்காரர்கள் எல்லோரும் ஒரே மாதிரிக் காணொளிகளைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். அரை இருட்டு அறை, நீல வெளிச்சம், ஒரு கோர்ட் அடித்துவிட்டுக் கையை எடுத்தால் அரை நிமிடத்துக்குக் கரைந்துகொண்டே போகும் சத்தம். அந்தச் சத்தம் பெட்டிக்குள் இருக்கிறது, பொய்யில்லை. ஆனால் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் கோயில் திருவிழா, கல்யாண வீடு, தேவாலயம் என்று வாசித்துத் திரிகிற ஒருவனுக்கு அது எத்தனை தரம் தேவைப்படும்? சில வருடங்களாக மேடைக்கும் வீட்டு ஒலிப்பதிவுக்கும் இதைத்தான் வைத்திருக்கிறேன். கொடுத்த காசுக்குப் பலன் கிடைத்தது இதன் சின்னச் சத்தங்களில்தான். அந்தக் காணொளிகளில் யாரும் வாசித்துக் காட்டாத சத்தங்கள் அவை.

2013இல் வந்த பெடல் இது. 12 வகை ரிவெர்ப், 300 பிரிசெற் (சேமித்து வைக்கும் அமைப்புகள்), ஸ்ரீரியோ, மிடி (கருவிகள் தமக்குள் பேசும் இணைப்பு) எல்லாம் உண்டு. ரூம், ஹோல், பிளேற், ஸ்பிரிங் என்ற நாலும் பழைய ஸ்ரூடியோக்காரர் பாவித்த இடங்களையும் கருவிகளையும் பின்பற்றுபவை. பிளேற் என்பது உண்மையிலேயே ஒரு பெரிய இரும்புத் தகடு. ஜேர்மனியின் ஈ.எம்.ரி நிறுவனம் 1957இல் கொண்டுவந்த 140 என்ற மாதிரி ஏறத்தாழ 270 கிலோ எடை. சட்டகத்தில் இழுத்துக் கட்டிய தகட்டைப் பாடகரின் குரலால் அதிரவைத்து, அந்த அதிர்வைத் திரும்பப் பிடித்தெடுப்பார்கள். அந்த வேலையை இன்றைக்குக் கைக்குள் தூக்கிக்கொண்டு போகிற பெட்டி செய்கிறது. கிளவுட், புளூம், ஷிம்மர், கொறால், ஸ்வெல் எல்லாம் வேறு சாதி. எந்தக் கட்டடத்திலும் அப்படி ஒரு சத்தம் கேட்காது.

எங்கள் மேடைகள் இரண்டு வகை. ஒன்று வெட்டவெளி. கோயில் வீதியிலோ பாடசாலை மைதானத்திலோ பந்தல் போட்டு, இரண்டு பக்கமும் ஒலிபெருக்கிப் பொக்ஸ் அடுக்கி வாசிப்பது. அங்கே சத்தம் பட்டுத் திரும்பச் சுவரே கிடையாது. வாசித்த சுரம் நேரே வயலுக்குள் போய்விடும். கிற்றார் காய்ந்துபோய்க் கேட்கும். வைகாசிக்குப் பிறகு சோளகம் வீசத் தொடங்கினால் உச்சச் சத்தங்களைக் காற்று அலைக்கழிக்கும். பின்வரிசைச் சனத்துக்கு ஒரு நேரம் கூர்மையாகவும் ஒரு நேரம் மங்கலாகவும் கேட்கும். மற்றது மண்டபம். சீமெந்துச் சுவர், தகரக் கூரை, சீலையோ மெத்தையோ ஒன்றுமில்லை. அங்கே ரிவெர்ப் ஏற்கெனவே இருக்கிறது, அதுவும் கூடாத ரிவெர்ப். தாழ்ந்த அடிச் சத்தம் சுழன்று சுழன்று தபேலாவையும் பேஸையும் ஒன்றாய்க் குழைத்துவிடும்.

வெட்டவெளிக்கு நான் வைத்திருப்பது ரூம். டிகே (ரிவெர்ப் கரையும் நேரம்) ஒரு செக்கனைச் சுற்றி, மிக்ஸ் (கலக்கும் ரிவெர்ப்பின் அளவு) கால்வாசிக்கும் கீழே, பிரி-டிலே (ரிவெர்ப் தொடங்குமுன் விடும் இடைவெளி) 30 மில்லிசெக்கன் அளவில். இந்தப் பிரி-டிலேயைப் பலர் தொடுவதே இல்லை. எங்கள் வெக்கையில் ஒலி ஒரு செக்கனுக்குக் கிட்டத்தட்ட 350 மீற்றர் போகும். 30 மில்லிசெக்கனில் 10 மீற்றருக்குச் சற்று மேலே. அதாவது விரல் பட்ட சத்தம் முதலில் சுத்தமாக வந்துவிடும். பிறகுதான் சுவர் பதில் சொல்லும். சுவரில்லாத மைதானத்தில் சுவர் இருக்கிறது என்று காதை நம்பவைப்பது இந்தச் சின்ன இடைவெளிதான். இதே பொத்தானை மலிவுப் பெடல்களிலும் திருப்பிப் பார்த்திருக்கிறேன்; சிலவற்றில் அந்தப் பொத்தானே இருக்காது. வித்தியாசம் ரிவெர்ப் கரைந்து முடியும் வாலில் தெரியும். பிக்ஸ்கையில் வால் முடியும் இடத்தில் உலோகக் கிணுகிணுப்பு இல்லை. பொக்ஸை உச்சத்தில் வைத்து வாசிக்கும்போது அந்தக் கிணுகிணுப்பு எவ்வளவு தொல்லை என்பது மேடையில் நின்றவருக்குத் தெரியும்.

மண்டபத்தில் பெரும்பாலும் நிப்பாட்டித்தான் வைத்திருப்பேன். மெதுவான பாட்டு வந்தால் மட்டும் பிளேற், அதிலும் அடிச் சத்தத்தை நன்றாகக் குறைத்து. எங்களோடு வருகிற சவுண்ட்காரர் அண்ணை ஒருநாள் மேடைக்கே ஏறி வந்து சொன்னார்: "தம்பி, உன்ர பெட்டிக்குள்ளையும் எக்கோ, என்ர மிக்சருக்குள்ளையும் எக்கோ. சனத்துக்குப் பாட்டு விளங்குமோ?" அவர் சொன்னது சரி. ஊர் மிக்சர்களில் எக்கோ திறந்தபடியே கிடக்கும். இப்போது சவுண்ட் செக்கில் முதல் கேள்வி கிற்றார் சனலில் எஃபெக்ட் பூச்சியத்தில் இருக்கிறதா என்பதுதான். இதைக் கேட்காமல் எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் சேறுதான்.

இனி ஒரு விஷயம், வெள்ளைக்காரர் எழுதுகிற விமர்சனங்களில் வராது. நாங்கள் வாசிப்பது கோர்ட் மட்டும் இல்லை. பக்திப் பாட்டின் இடையிசையில் கிற்றார் குழைந்து இழைய வேண்டும், கமகம் வேண்டும். நீண்ட ரிவெர்ப்பின் வாலில் போன சுரம் இன்னும் உயிரோடு இருக்கும்போதே அடுத்த சுரத்துக்கு இழுத்தால் இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். டிகே இரண்டு செக்கனைத் தாண்டினால் இழைப்பு முழுக்க நாசம். ஷிம்மரில் சிக்கல் இன்னும் நுட்பமானது. அதில் இரண்டு பிட்ச் குரல்கள். சத்தத்தை மேலே தூக்கி ரிவெர்ப்புக்குள் கலக்கும். ஒரு குரலை ஐந்தாம் சுரத்துக்கு வைத்துக்கொண்டு மோகனம் வாசித்துப் பாருங்கள். சட்சத்துக்குப் பஞ்சமம் வரும், ரிசபத்துக்குத் தைவதம் வரும், பஞ்சமத்துக்கு மேல் ரிசபம் வரும், எல்லாம் ராகத்துக்குள்தான். காந்தாரத்தில் நின்றால் மேலே காகலி நிசாதம் ஒலிக்கும். மோகனத்தில் நிசாதமே கிடையாது. கேட்பவர்களுக்குக் காரணம் சொல்லத் தெரியாது. ஆனால் "ஏதோ இடிக்குது" என்பார்கள். ஆகவே இரண்டு குரலையும் ஒக்ரேவில், அதாவது அதே சுரத்தின் மேல் ஸ்தாயியில், வைத்துவிட்டேன். ஒக்ரேவ் எந்த ராகத்தையும் குழப்பாது.

அதேநேரம் எங்கள் இசைக்கென்றே செய்தது போல ஒரு வசதியும் இருக்கிறது. கால் சுவிச்சை அழுத்திப் பிடித்தால் ரிவெர்ப்பை அப்படியே உறையவைக்கலாம். சட்சமும் பஞ்சமமும் சேர்த்து ஒரு தட்டுத் தட்டி, ஹோல் சத்தத்தில் உறையவைத்தால் தம்புராவுக்குப் பதிலாக ஒரு சுருதிப் படுக்கை கிடைத்துவிடும். அதற்கு மேலே விருத்தம் வாசிக்கலாம், பாடகர் பாடலாம். கீபோட்காரருக்கு ஒரு கை மிச்சம். தேவாலயத்தில் திருவிருந்து நேரத்தில் பாடகர் குழு பாடி முடித்து அடுத்த பாட்டுக்குப் போகும் இடைவெளியையும் இதைக் கொண்டுதான் நிரப்புகிறேன். மேலே கேட்ட அந்தக் கேள்விக்குப் பதில் இதுதான்: பெரிய சத்தம் எனக்குத் தேவைப்படுவது ஏறக்குறைய இந்த ஓர் இடத்தில்.

கரண்ட் பற்றிச் சொல்லாமல் விட்டால் வன்னியில் எழுதிய விமர்சனம் என்று யாரும் நம்பமாட்டார்கள். பெடலுக்குத் தேவை 9 வோல்ற், குறைந்தது 300 மில்லி அம்பியர். ஒரு வயரில் ஐந்தாறு தலை கொண்ட மலிவு பவர் சப்ளையில் மற்றப் பெடல்களோடு சேர்த்துக் கோர்த்தால் இரைச்சல் ஏறும்; டிஜிற்றல் பெட்டி ஒவ்வொன்றும் மற்றதற்குள் சீழ்க்கை அடிக்கும். ஒவ்வொரு வெளியீடும் தனித்தனியாகப் பிரிந்த பவர் சப்ளைதான் வேண்டும். அதற்கும் தனியாக ஒரு தொகை ஒதுக்குங்கள். ஜெனரேற்றர் மேடைகளில், லைற்காரர் ஒரே மூச்சில் எல்லா விளக்கையும் போட்டதும் வோல்ற் விழும். பெட்டி அணைந்து மறுபடி எழும்புவதற்குள் பல்லவி முடிந்திருக்கும். 2022 பங்குனி மாதக் கடைசியில் நாடு முழுக்க நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் நிறுத்திய காலத்தில் கிடைத்த நிகழ்ச்சிகள் எல்லாம் ஜெனரேற்றரில்தான். கணினிக்குப் போடுகிற சின்ன யூ.பி.எஸ் ஒன்றை அப்போது பெடல் பலகைக்கு வாங்கினேன். பாரம்தான், ஆனால் இன்றைக்கும் அதில்லாமல் வீட்டை விட்டு இறங்குவதில்லை.

அம்ப் நான் கொண்டுபோவதில்லை, நேரே மிக்சருக்குத்தான். பெட்டிக்குள் கப் ஃபில்ரர் இருப்பதால் ஸ்பீக்கர் வழியாக வந்த மாதிரிக் கூர் மழுங்கிக் கேட்கும்; சுத்தமான சத்தங்களுக்கு அது தாராளம், டிஸ்ரோஷனுக்குப் போதாது. ஸ்ரீரியோ? எங்கள் பக்கத்து ஒலிபெருக்கிகள் எல்லாம் மொனோவில், இரண்டு பக்கமும் ஒரே சத்தமாக, ஓடுகின்றன. கொடுத்த காசின் ஒரு பங்கு அங்கே தூங்குகிறது என்றுதான் சொல்லவேண்டும்.

அந்தப் பங்கு விழித்துக்கொள்வது ஒலிப்பதிவில். ஊர்க் கோயில்களுக்கு இறுவட்டுப் போட்ட காலம் போய் இப்போது யூரியூபுக்குப் பக்திப் பாட்டுப் பதிகிறார்கள். சின்ன அறையில் போர்வை தொங்கவிட்டுப் பாடகரைப் பதிந்துவிட்டு, அந்தக் குரலைக் கணினியின் ஒலி இன்டர்ஃபேஸின் ஒரு வெளியீட்டால் பிக்ஸ்கைக்கு அனுப்பி, கில் டிரை போட்டு (அசல் குரலை வெட்டிவிட்டு), நனைந்த சத்தத்தை, அதாவது ரிவெர்ப்பை, மட்டும் ஸ்ரீரியோவில் திரும்ப எடுக்கிறேன். கிற்றாரைவிட உரத்த லைன் அளவுச் சத்தத்தையும் தாங்குகிற பெட்டி என்பதால் கரகரப்பு வராது. பெண் குரலுக்குப் பிளேற், நாதஸ்வரத்துக்கு ஹோல், வயலினுக்கு ரூம். கணினிக்குள் இருக்கிற இலவச ரிவெர்ப்புகளாலும் இதைச் செய்யலாம், மறுக்கவில்லை. ஆனால் பொத்தானைத் திருப்பிக்கொண்டே பாடகரையும் கேட்கவைத்து, "இது காணும், இதுக்கு மேல வேண்டாம்" என்று அவரே சொல்லும் இடத்தில் நிறுத்துவது வேறு அனுபவம்.

மற்றவை சுருக்கமாக. 300 பிரிசெற்றில் மேடைக்குப் போவது ஒரு கையின் விரல்களுக்குள் அடங்கும். மெனுவுக்குள் இறங்காமலே அன்றாட வேலை எல்லாம் நடக்கும். பழைய மாதிரியில் யூ.எஸ்.பி இல்லை, கணினியோடு பேச மிடி வயர் வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு ரிவெர்ப்தான். இரண்டை ஒன்றாக ஓட்டப் பின்னர் வந்த பிக்ஸ்கை எம்.எக்ஸ் மாதிரிக்குப் போகவேண்டும், எனக்கு அந்தத் தேவை இல்லை. செம்மண் புழுதிக்கு ஒரு துவாய் போதும், வெயிலில் வாகனத்துக்குள் மட்டும் விட்டுவிட வேண்டாம்.

விலைதான் கசக்கும். அமெரிக்காவில் இது 479 டொலருக்கு விற்ற பெடல். டொலர் 200 ரூபாய் இருந்தபோது ஏறத்தாழ 96,000. 2022 வைகாசியில் 360ஐத் தொட்டபோது 172,000க்கு மேல், அதுவும் அனுப்பும் செலவும் வரியும் சேராமல். என்னுடையது கனடாவில் இருக்கிற மச்சான் பழையதாய் வாங்கிப் பெட்டியில் கொண்டுவந்தது. கோயில் மேடையோடு மட்டும் நிற்கிறவருக்கு என் பதில் பொஸ் நிறுவனத்தின் ஆர்.வி-6 ரிவெர்ப் பெடல். எட்டு வகை, சின்னப் பெட்டி, ரூமும் பிளேற்றும் அதிலும் உண்டு, மிச்சக் காசில் நல்ல பவர் சப்ளையும் யூ.பி.எஸ்ஸும் எடுக்கலாம். வீட்டில் குரல் பதிகிறவர், தனியே மெதுவான இசை செய்கிறவர் என்றால் பிக்ஸ்கைக்குத் துணியலாம்.

வெளிநாட்டு உறவினரிடம் பழையதைச் சொல்லிவிடுபவர்கள் மூன்று விஷயத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்: வகை மாற்றும் பொத்தானைச் சுற்றினால் தாவாமல் ஒவ்வொன்றாக நகர்கிறதா, மூன்று கால் சுவிச்சும் ஒரே அழுத்தில் வேலை செய்கிறதா, கூட வருகிற அடப்டரில் 100-240 வோல்ற் என்று போட்டிருக்கிறதா. கனடாவில் 120, இங்கே 230. 120 மட்டும் என்று போட்டிருந்தால் அந்த அடப்டரை அங்கேயே விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.