'எதற்கும் கிடக்கட்டும்' சாமான்களுக்கு ஒரு தராசு: நானோவிஎன்ஏ எச்4

4எஸ்7 என்ற இலங்கை அமெச்சூர் வானொலி அழைப்புக்குறியோடு இருபது, முப்பது வருடம் ஓட்டியவர்களின் அறையில் என்ன கிடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அன்ரெனாவுக்குப் போகும் கோக்ஸ் வயர்ச் சுருள்கள், பால்மாப் பேணி நிறைய அந்த வயர் நுனியில் பூட்டும் பிஎல்-259 பிளக்குகள், என்ன ரகமென்றே தெரியாத கறுப்பு ஃபெரைட் வளையங்கள். எதையும் எறிய மனம் வராது. எது நல்லது என்று தெரியாததுதான் பாதிக் காரணம். அதைத் தீர்க்க நானோவிஎன்ஏ எச்4 என்ற கையடக்கக் கருவி போதும். சின்னச் சமிக்ஞை ஒன்றை அனுப்பி, அதில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று அளப்பது இது.

முதலில் வயரைப் பாருங்கள். கல்லடி, கல்முனைக் கரையோரத்தில் உப்புக்காற்றும் மாரி மழையும் பிளக் வழியே இறங்கிப் பின்னல் கம்பியைக் கறுக்க வைத்துவிடும். அப்படிக் கெட்ட வயரில் எஸ்டபிள்யூஆர் (சக்தி எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைச் சொல்லும் அளவு) அழகாகவே காட்டும்! திரும்பி வரும் சக்தியை வயரே விழுங்கிவிடுவதால்தான். அதை நம்பித்தான் பலர் கெட்ட வயரைப் பத்திரப்படுத்துகிறார்கள்.

கருவியில் 145 மெகாஹேர்ட்ஸை உள்ளடக்கிய அலைவரிசை வீச்சை வைத்து, ஓப்பன் (திறந்த முனை), ஷோர்ட் (குறுக்கிணைத்த முனை), லோட் (50 ஓம் சுமை) மூன்றாலும் அளவுதிருத்தம் செய்யுங்கள். வீச்சை மாற்றினால் திரும்பவும் செய்ய வேண்டும். வயரின் மறுமுனையைச் சும்மா விட்டு எஸ்11 லொக்மாக், அதாவது திரும்பி வரும் சமிக்ஞை எத்தனை டெசிபெல் குறைந்திருக்கிறது என்று பாருங்கள். சமிக்ஞை போய்த் திரும்பி வருவதால், வரும் டெசிபெலில் பாதிதான் ஒருவழி இழப்பு. 10 மீற்றர் ஆர்ஜி-58 (மெல்லிய 50 ஓம் கோக்ஸ் வயர்) நல்லதென்றால் 4க்குக் கிட்டக் காட்டும், அதாவது இழப்பு 2. அதுவே 8 காட்டினால் எறியுங்கள். கோடு அலையலையாக வந்தால் 75 ஓம் ரீவி வயர் கலந்திருக்கலாம். அறுந்த இடம் தேட ட்ரான்ஸ்ஃபோர்ம் மெனுவில் வேகக் காரணியை (வயரில் சமிக்ஞை ஓடும் வேகம் ஒளிவேகத்தில் எத்தனை சதவீதம் என்பதை) 66 சதவீதமாக்கினால் தூரம் வரும். நுரை காப்பு வயருக்கு அந்த 66 பொருந்தாது.

ஃபெரைட் வளையத்தில் கம்பியை 10 சுற்றுச் சுற்றி, 1 மெகாஹேர்ட்ஸில் தூண்டத்தைப் பாருங்கள். அரை அங்குல எஃப்டி50 அளவில் 7 மைக்ரோஹென்றிக்குக் கிட்ட வந்தால் 61 ரகம், 44 என்றால் 43, 110 என்றால் 77. பார்வைக்கு மூன்றும் ஒன்றுதான்.

குறைகளும் உண்டு. வயர் மாட்டும் எஸ்எம்ஏ வாய் மெல்லியது. தடித்த வயரை நேரே மாட்டினால் ஆடிப்போகும், சின்னத் துண்டு வயர் ஒன்றை இடையில் போட்டு அதன் நுனியில் அளவுதிருத்தம் செய்வதே நல்லது. அன்ரெனாவை மாட்டுமுன் நடுக்கம்பியை உறையோடு தொட்டு நிலைமின்னை இறக்குங்கள், இல்லாவிட்டால் உள்ளே கருகும். பக்கத்து அன்ரெனாவில் அனுப்பிக்கொண்டிருக்கும்போதும் மாட்டக்கூடாது. பழைய மின்னாற்பகுப்புக் கொள்ளளவிகளின் கசிவை இது பிடிக்காது, அதற்கு வேறு கருவி வேண்டும்.

2.8 அங்குலத் திரையுள்ள சின்ன 'எச்' மாதிரியைவிட 4 அங்குல எச்4 கண்ணுக்கு உதவும். மூக்குக் கண்ணாடிக்காரர்கள் காசைப் பார்க்காமல் பெரியதையே வாங்குங்கள். அளந்த வயரில் நீளம், இழப்பு, திகதி மூன்றையும் ஒட்டுநாடாவில் எழுதிக் கட்டிவிடுங்கள். கருவியின் பற்றரியை இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது சார்ஜ் பண்ணாவிட்டால், அடுத்த மாரிக்குள் இதுவும் அந்தப் பேணிக்குப் பக்கத்தில் போய்க் கிடக்கும்.