மணல் நிலத்தில் ஒரு ஓட்டோ லெவல்: ஏழு வருடப் பாவனைக்குப் பிறகு

2018ஆம் ஆண்டு ஐப்பசி மழை தொடங்குவதற்குச் சற்று முன்னர், தொலைநோக்கியால் மட்டம் பார்க்கும் இந்த ஓட்டோ லெவலை இரண்டாம் கையாக வாங்கினேன். ஜப்பானியத் தயாரிப்பு. 24 மடங்கு பெருக்கிக் காட்டும். அதோடு ஓர் அலுமினிய முக்காலியும் இழுத்து நீட்டும் 5 மீற்றர் அளவுகோலான ஸ்டாஃபும் கிடைத்தன. அன்றிலிருந்து மட்டக்களப்பில் கல்லடி, ஆரையம்பதி, செங்கலடி, வவுணதீவு என்று நான் அத்திவாரம் போட்ட இடமெல்லாம் இது வந்திருக்கிறது. வாங்கலாமா என்று கேட்கும் இளம் மேசன்மாருக்கு என் பதில் இதுதான்: வாங்குங்கள், ஆனால் ஆறு மாதமாவது மூலை பிடிக்கும் நூலிலும் மட்டம் பார்க்கும் லெவல் குழாயிலும் கை பழகிய பிறகு வாங்குங்கள். ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதற்கு ஒரு சம்பவம் இருக்கிறது. அதற்கு முன் நூலைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எனக்குத் தொழில் பழக்கியவர் என் தாய்மாமன். நிலையம் எடுத்து (வீட்டுக்கு இடம் குறித்து), குறித்த நேரத்தில் முதல் முளை இறங்கியதும் மற்றவர்கள் தேநீர் குடிக்கப் போவார்கள். மாமா போகமாட்டார். நூலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். பக்கங்கள் மூன்றும் நான்கும், குறுக்கு ஐந்தும் வந்தால் மூலை செங்கோணம் என்ற மூன்று, நான்கு, ஐந்து கணக்கு எல்லா மேசன்மாருக்கும் தெரியும். ஆனால் 3 அடிக்கும் 4 அடிக்கும் பிடித்து மூலை எடுத்தால், அங்கே விட்ட கால் அங்குலப் பிழை 40 அடி தள்ளிப் போகும்போது இரண்டரை அங்குலமாகிவிடும். அதனால் மாமா 12, 16, 20 அடி என்று நீட்டித்தான் பிடிப்பார். அதற்கும் மேலே மூலைக்கு மூலை அளப்பார். 40 அடிக்கு 30 அடி வீடு என்றால் இரண்டு குறுக்கும் 50 அடி வர வேண்டும்.

நான் தனியாக நூல் பிடித்த முதல் வீட்டில் இரண்டு குறுக்குக்கும் இடையே 3 அங்குல வித்தியாசம் வந்தது. பின்பக்க முளைகளில் ஒன்றைப் பிடுங்கி நகர்த்தப் போனேன். “தம்பி, ஒன்றைத் தொட்டால் இரண்டையும் தொடு” என்றார் மாமா. பக்கங்கள் நான்கும் சரியான நீளத்தில் இருந்து குறுக்கு மட்டும் பிழைத்தால், சதுரம் சாய்ந்து நிற்கிறது என்று பொருள். ஒரு முளையை மட்டும் நகர்த்தினால் பக்க நீளமும் கெட்டுவிடும். பின்பக்க முளைகள் இரண்டையும் ஒரே திசையில், நீளமான குறுக்கு சுருங்கும்படி நகர்த்த வேண்டும். இந்த அளவு வீட்டுக்கு 3 அங்குல வித்தியாசம் என்றால் நகர்த்த வேண்டியது 2 அங்குலத்துக்கும் சற்றுக் குறைவு. அன்று இதைத் தாளில் வரைந்து பார்த்து, விளங்கிய பிறகுதான் வீட்டுக்குப் போனேன்.

லெவல் குழாய் வெறும் பிளாஸ்டிக் குழாயும் தண்ணீரும்தான், இரு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும். உள்ளே ஒரு சிறு காற்றுக் குமிழி இருந்தாலும் பொய் காட்டும். ஒரு பாதி வெயிலிலும் மறு பாதி நிழலிலும் கிடந்தாலும் மட்டம் மாறும். இவ்விரண்டையும் கவனித்தால் இதைப் போல நம்பகமான கருவி இல்லை. வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் ஒரு வீட்டுக்காரம்மா 2011 ஜனவரி வெள்ளத்துக்கு மேலே தன் வீட்டுத் தரை நிற்க வேண்டும் என்று கேட்டார். அந்த வெள்ளம் அயல்வீட்டுப் பழைய சுவரில் மங்கலான மண்ணிறக் கோடாக இன்னும் இருந்தது. அந்தக் கோட்டில் பென்சிலால் அடையாளமிட்டு, குழாயை வேலிக்குள்ளால் இழுத்து, அவருடைய வளவில் நின்ற தென்னை மரத்துக்குக் கொண்டுவந்தோம். தண்ணீர் ஆடி நின்ற இடத்தைப் பார்த்து அவர் தன் நெஞ்சுயரத்தில் கையை வைத்துக் காட்டினார். “இவ்வளவுதான் தம்பி, இந்த அளவில்தான் நின்றது” என்றார். தரைமட்டத்தைக் கண்ணால் பார்த்து முடிவு செய்திருந்தால் இரண்டு அடியாவது குறைத்துப் போட்டிருப்போம். வாவியை அண்டிய நிலம் எங்கும் தட்டையாகத் தெரியும். அந்தத் தட்டையை நம்பக் கூடாது.

இனி அந்தச் சம்பவம். 2020ஆம் ஆண்டு ஆனி மாதம், கல்லடியில் கடற்கரைப் பக்கம் ஒரு வேலை. தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று. முக்காலியின் ஒரு கால் மணலில் மெல்ல இறங்க, கருவியோடு சேர்ந்து சாய்ந்துவிட்டது. மணலில் விழுந்ததால் கீறல்கூட இல்லை. கருவியின் மட்டக் குமிழியும் நடுவில் நின்றது. துடைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தேன். அடுத்த கிழமை வேறோர் இடத்தில் கருவியை ஒரு மூலைக்கு அருகில் வைத்து, 24 மீற்றர் தூரத்திலிருந்த மறு மூலைக்கு மட்டம் எடுத்துப் பலகையும் அடித்துவிட்டோம். கொங்கிரீட் போடுவதற்கு முதல் நாள் மாலை, பழக்கத்தின்படி குழாயைப் பிடித்துப் பார்த்தேன். தூர மூலை 14 மில்லிமீற்றர் உயர்ந்திருந்தது.

அன்றிரவு எனக்குத் தூக்கம் இல்லை. விடிந்ததும் இரண்டு முளைச் சோதனை செய்தேன். 30 மீற்றர் இடைவெளியில் இரண்டு முளைகள். கருவி சரி நடுவில் நின்றபோது ஸ்டாஃபில் வாசித்தது ஒன்றில் 1.432 மீற்றர், மற்றதில் 1.287. வித்தியாசம் 0.145. இது உண்மையான வித்தியாசம். பார்வைக் கோடு சாய்ந்திருந்தாலும் தூரம் இருபக்கமும் சமம் என்பதால் பிழை ஒன்றையொன்று தின்றுவிடும். பிறகு முதல் முளையின் அருகில் கருவியை வைத்தேன். அங்கே 1.510. தூர முளையில் 1.365 வர வேண்டும். வந்தது 1.383. 30 மீற்றருக்கு 18 மில்லிமீற்றர் பிழை. விழுந்தபோது உள்ளே பார்வைக் கோட்டைக் காட்டும் குறுக்குக் கம்பி நகர்ந்திருக்கிறது, வெளியே எதுவும் தெரியவில்லை. கொழும்புக்கு அனுப்பிச் சரிசெய்து எடுக்க மூன்று கிழமை சென்றது. அந்த மூன்று கிழமையும் குழாய்தான் எங்களைக் காப்பாற்றியது. ஓட்டோ லெவலோடு தொழிலைத் தொடங்கியவனுக்கு அந்த மாலையில் குழாயைப் பிடிக்கத் தோன்றியிருக்காது.

அதன் பிறகு மாதத்துக்கு ஒரு தடவையும், தட்டுப்பட்டால் அன்றைக்கே ஒரு தடவையும் இந்தச் சோதனை செய்கிறேன். கால் மணித்தியாலம் போதும். மணலில் முக்காலிக் காலுக்குக் கீழே மூன்று பலகைத் துண்டுகள் வைக்கிறேன். முன்னும் பின்னும் ஏறத்தாழச் சம தூரத்தில் ஸ்டாஃப் நிற்கும்படி கருவிக்கு இடம் பார்க்கிறேன். எடுத்த மட்டத்தை, தொடங்கிய புள்ளிக்கே திரும்பக் கொண்டுவந்து மூடாமல் கொப்பியை மடிப்பதில்லை.

அலகுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் ஊரில் காணி பேர்ச்சில், வீடு அடியில், ஸ்டாஃப் மீற்றரில். ஒரு பேர்ச் 272.25 சதுர அடி. ஓர் அங்குலம் 25.4 மில்லிமீற்றர். நான் கண்ட மட்டப் பிழைகளில் பாதிக்கு மேல் கருவியில் வந்தவை அல்ல, மீற்றரை அங்குலமாக வாயால் மாற்றியபோது வந்தவை. இப்போது அத்திவார வேலை முழுவதையும் மில்லிமீற்றரில் எழுதி, முளையில் அடையாளமிடும்போது மட்டும் அங்குலத்துக்கு மாற்றுகிறேன். ஸ்டாஃப் பிடிப்பவர் நான் சொன்ன இலக்கத்தைத் திரும்பச் சொல்வார். 6ஐ 9 என்று எழுதுவது அதோடு நின்றுவிட்டது.

வெயில் ஏறிய பிறகு மணலுக்கு மேலே காற்றுத் துடிக்கும், ஸ்டாஃபின் இலக்கங்கள் நடுங்கும். அதனால் தூர மட்டங்களைக் காலை பத்து மணிக்கு முன் முடித்துவிடுவேன். கச்சான் காலத்தில் தூக்குக்குண்டு ஓயாமல் ஆடும். குண்டை ஒரு வாளித் தண்ணீருக்குள் தொங்கவிட்டால் அடங்கும். மாரியில் பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். 2021 மாரியில் அதைத் தவறவிட்டேன். கண்ணாடியின் ஓரத்தில் சிலந்தி வலைபோல் பூஞ்சணம் பிடித்தது, அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

லேசர் லெவல் உள்வேலைக்கு அருமையானது. டைல் பதிக்கும்போதும் சீலிங் அடிக்கும்போதும் அதைத்தான் எடுப்பேன். வெளியே நம் வெயிலில் கோடு கண்ணுக்குத் தெரியாது. தொலைபேசியின் ஜிபிஎஸ் சில மீற்றர்கள் தள்ளிக் காட்டும், அதை வைத்து முளை அடிக்கவே கூடாது. காணி எல்லை விடயத்தில் எந்தக் கருவி கையில் இருந்தாலும் நான் தலையிடுவதில்லை. வேலி நிற்கும் இடம் எல்லை ஆகிவிடாது. பதிவுபெற்ற நில அளவையாளர் படத்தைப் பார்த்து எல்லைக்கல்லைக் காட்டிய பிறகுதான் என் நூல் வெளியே வரும். வீட்டுக்காரர் அவசரப்பட்டாலும் இதில் இறங்கிப் போவதில்லை.

கருவி இன்னும் நன்றாகவே வேலை செய்கிறது. கடந்த கிழமை அக்காவின் மகன் செங்கலடியில் ஆறு தடவை இடம் மாற்றி எடுத்த மட்டம் 3 மில்லிமீற்றர் வித்தியாசத்தில் மூடியது. ஸ்டாஃபின் மூன்றாவது துண்டின் பூட்டுத்தான் தேய்ந்து, நீட்டினால் மெல்ல வழுக்குகிறது. இந்த மாதம் புதிய ஸ்டாஃப் ஒன்று வாங்க வேண்டும். அதுவரை அந்தத் துண்டை நீட்டக் கூடாது என்று சிவப்பு டேப் சுற்றி வைத்திருக்கிறேன்.