தனி எண்ணெய் என்று உறுதி கூறிவிட்டு, கோழி பொரித்த எண்ணெயில் டோனட் பொரித்துத் தந்தார்கள்

பொரித்த கோழியையும் டோனட்டையும் சேர்த்து விற்கும் உணவகங்களுக்கு இறைச்சி உண்ணாதவர்களை அழைத்துச் செல்பவர்கள் எனக்கு நேர்ந்ததை அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

கடந்த சனிக்கிழமை மாலை நானும் என் கணவரும் அக்காவும், கொரிய, ஜப்பானியச் சுவைகளில் கோழியும் டோனட்டும் கிடைக்கும் ஓர் உணவகத்துக்குச் சென்றோம். அக்கா பல ஆண்டுகளாக இறைச்சி உண்பதில்லை. நாங்கள் இருவரும் உண்போம். ஒரே மேசையில் அமர்ந்து அவரவர்க்குப் பிடித்ததைச் சாப்பிடலாம் என்று எண்ணி அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவள் நான்தான். அங்கிருந்த மெனு பலகையில் டோனட்டுகளுக்கு எதிரே சைவம் என்பதைக் காட்டும் பச்சை இலைக் குறி இருந்தது. இருந்தாலும் அக்கா, ஆர்டர் எடுத்தவரிடம், "கோழி பொரிக்கிற எண்ணெயில்தான் இதையும் பொரிக்கிறீர்களா?" என்று வெளிப்படையாகவே கேட்டார். "இல்லை மேடம், டோனட்டுக்குத் தனி எண்ணெய், தனி ஃபிரையர்" என்று அவர் சற்றும் தயங்காமல் பதில் சொன்னார்.

முதலில் கோழி வந்தது. கொரிய முறையில் கோழியை இருமுறை பொரிப்பார்கள். முதல்முறை ஏறத்தாழ 160 டிகிரி செல்சியஸில் உள்ளே வேகவைத்து, சற்று ஆறவிட்டு, பிறகு 180 டிகிரிக்கு மேல் மீண்டும் பொரித்து மேல்மாவை மொறுமொறுப்பாக்குவார்கள். முதல் பொரிப்பை முன்கூட்டியே முடித்து வைத்துக்கொள்வது வழக்கம்தான், அதில் தவறில்லை. ஆனால் எங்கள் தட்டுக்கு வந்த துண்டுகளில் இரண்டாவது பொரிப்பே நடந்ததாகத் தெரியவில்லை. கோச்சுஜாங் என்னும் கொரிய மிளகாய் விழுதில் செய்த சாஸை வழித்துப் பார்த்தபோது மேல்மாவு நமத்துப்போய்த் தோல்போலக் கழன்று வந்தது, எலும்பையொட்டிய சதை குளிர்ந்திருந்தது. சாஸ் கலந்து வந்துவிட்டால் கோழி எப்போது பொரித்தது என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாது என்பதால், இப்போதெல்லாம் நான் எங்கு சென்றாலும் சாஸைத் தனியாகத் தரச் சொல்கிறேன்.

கோழி சரியில்லாததை நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். அக்காவுக்கு வந்தது, பசையரிசி மாவு சேர்த்து, மணிமணியாக வளையம் கோத்ததுபோல் செய்யும் மோச்சி டோனட். மேலே மட்சா என்னும் பச்சைத் தேயிலைத் தூள் சேர்த்த பாகும் கறுப்பு எள்ளும் இருந்தன. ஒரு கடி கடித்தவர் மெல்லாமல் அப்படியே நிறுத்திவிட்டார். பூண்டும் கோழிக் கொழுப்பும் கலந்த வாடை எதிரில் அமர்ந்திருந்த எனக்கே எட்டியது. திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கத்தில் கருகிய மாவுத் துணுக்குகள் ஒட்டியிருந்தன. கோழியின் மேல்மாவிலிருந்து உதிர்ந்த தூள் எண்ணெயிலேயே கிடந்து கருகும்போது உண்டாகும் துணுக்குகள் அவை.

நான் எழுந்து சென்று சமையலறையை எட்டிப் பார்த்தேன். இரண்டு கம்பிக் கூடைகள் தொங்கின, ஆனால் இரண்டும் முங்கியது ஒரே எண்ணெய்த் தொட்டியில். நடுவில் தடுப்பு வைத்து இரு தொட்டிகளாகப் பிரித்த ஃபிரையர்களும் உண்டு என்பதால் நன்றாக உற்றுப் பார்த்தேன். தடுப்பு எதுவும் இல்லை. தனி ஃபிரையர் என்று ஆர்டர் எடுத்தவர் சொன்னது தனிக் கூடையை மட்டுமே.

மேலாளர் அளித்த விளக்கம் என்னை இன்னும் வருத்தியது. ஒவ்வோர் இரவும் எண்ணெயை வடிகட்டுவதாகவும், மறுநாள் காலையில் முதல் வேலையாக டோனட்டைப் பொரித்துவிடுவதாகவும், ஆகவே அது தனி எண்ணெய்க்குச் சமம் என்றும் அவர் சொன்னார். வடிகட்டினால் துணுக்குகள் நீங்கும். எண்ணெயில் கரைந்துவிட்ட கோழிக் கொழுப்பு நீங்காது. கோதுமை, முட்டை, சோயா, எள் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று ஒவ்வாதவர் இதே கேள்வியைக் கேட்டு, இதே பதிலை நம்பிச் சாப்பிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். அவர் டோனட்டுக்கு மட்டும் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தார். அக்கா வாங்க மறுத்துவிட்டார். சாப்பிடும் முன் கேட்பதைத் தவிர அவர் வேறு என்ன செய்திருக்க முடியும்?

இத்தகைய இடங்களுக்குச் செல்பவர்கள் "தனி ஃபிரையரா?" என்று மட்டும் கேட்காமல், "எண்ணெய்த் தொட்டி எத்தனை, நேற்றைய எண்ணெயில் என்ன பொரித்தீர்கள்?" என்று கேளுங்கள், சமையலறை கண்ணில் படும்படி இருந்தால் நேரில் பாருங்கள். அந்த உணவகத்தைப் பற்றி உணவுப் பாதுகாப்புத் துறைக்கு எழுத்து மூலம் புகார் கொடுத்துவிட்டு விசாரணைக்காகக் காத்திருக்கிறேன். நேற்று அந்த வழியாகச் சென்றபோது கண்ணாடி வழியே பார்த்தேன். மெனு பலகையில் டோனட்டுகளுக்கு எதிரே அந்தப் பச்சை இலைக் குறி அப்படியேதான் இருக்கிறது.