லைவ் சோனார் வாங்கப் போகிறீர்களா? திரை சிவந்தால் மீன் என்று நம்பிவிடாதீர்கள்

கடலூர், புதுச்சேரி பக்கம் பைபர் படகு வைத்துத் தொழில் செய்பவர்கள் இதைப் படித்துவிட்டு, குப்பத்தில் மற்றவர்களுக்கும் சொல்லுங்கள். விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் ஓடும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீனுக்கு நல்ல விலை இருக்கும், நம் கையிலும் நாலு காசு புழங்கும். அந்த நேரம் பார்த்துத்தான், தண்ணீருக்குள் இருப்பதை ஒலியால் அறிந்து உடனுக்குடன் திரையில் காட்டும் லைவ் சோனார் கருவியை விற்கிறவர்கள் வருகிறார்கள். தேவனாம்பட்டினத்தில் எங்கள் படகுக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

கடை புதுச்சேரியில். புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயர் போடவில்லை. மேஜை மேல் வைத்தே திரையைப் போட்டுக் காட்டினார்கள். கருநீலத் தண்ணீரில் சிவப்பு சிவப்பாக மீன் ஓடியது. "சிவப்பு வந்தா வஞ்சிரம், மஞ்சள்னா கவலை மீன், பச்சைன்னா பொடி மீன். கலரப் பாத்து வலைய எறக்குங்கண்ணே" என்றார் கடைக்காரத் தம்பி. அங்கே ஓடியது டெமோ. ஒலியை அனுப்பி வாங்கும் டிரான்ஸ்டியூசர் தண்ணீரில் இல்லாமலே மீன் காட்டும் ஓட்டம் அது. அதை அவர் வாய் திறந்து சொல்லவே இல்லை. கருவியின் விலைக்கு மேல் "ஸ்பெஷல் கலர் செட்டிங்" என்று 4,500 ரூபாய் தனியாக வாங்கிக்கொண்டு, படகுக்கு வந்து மாட்டிக் கொடுத்தார்கள்.

அந்தச் செட்டிங்கின் லட்சணம் கடலில் தெரிந்தது. கெயினை, அதாவது எதிரொலியைப் பெருக்கிக் காட்டும் அளவை, உச்சத்தில் வைத்து, லேசான எதிரொலிகூடச் சிவப்பாக விழும்படி ஒரு பேலட்டை (நிறத் தொகுப்பை) போட்டிருந்தார்கள். பெண்ணையாறும் கெடிலமும் கொண்டுவந்து தள்ளும் சேறு, என்ஜின் கிளப்பும் நுரை, சொறி மீன் (ஜெல்லி மீன்) எல்லாமே சிவப்பு. வலை இறக்கினால் வெறும் வலை. டீசல் எரிந்ததுகூடப் பரவாயில்லை. கீழே பார் (கடலடிப் பாறை) சிவப்பு, அதன் மேல் நிற்கும் மீனும் சிவப்பு என்றால் எது பார், எது மீன் என்று யார் சொல்வது? பாரில் மாட்டி வலை பாதிக்கு மேல் கிழிந்து வந்தது.

நிறம் மீனின் பெயரைச் சொல்லாது. கருவி ஒலியை அனுப்புகிறது, திரும்பி வரும் ஒலி எவ்வளவு பலமோ அதற்கு ஒரு நிறம் கொடுக்கிறது, அவ்வளவுதான். மீனிடமிருந்து வரும் எதிரொலியில் பெரும்பங்கு அதன் வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பையிலிருந்து வருவது. ஊசிக்கணவாய்க்குக் காற்றுப்பை கிடையாது, சூரை வகையில் சிலவற்றுக்கும் கிடையாது. அதனால் நல்ல கணவாய்க் கூட்டம் மங்கலாகத் தெரியும், நெருக்கமாக நிற்கும் பொடி மீன் பளிச்சென்று தெரியும். மீன் பக்கவாட்டில் நிற்கிறதா, நம்மைப் பார்த்து நிற்கிறதா என்பதைப் பொறுத்தும் நிறம் மாறும்.

எனக்கு ஆறவே ஆறாதது வேறொன்று. படகு ஓட்டுவது என் சித்தப்பா. அவருக்குப் பிறவியிலேயே சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. மாட்ட வந்தவரிடம் அவரே வாய்விட்டுக் கேட்டார்: "தம்பி, எனக்கு இந்தக் கலரு பிடிபடல, வேற வைக்க முடியுமா?" பதில்: "இதுதான் பெஸ்ட், மாத்தினா வாரண்டி போயிடும்." முழுப் பொய். பேலட் மாற்றுவது டிவியில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பது மாதிரி, அதற்கும் வாரண்டிக்கும் சம்பந்தமே இல்லை. பல நிறங்கள் இல்லாமல், ஒரே நிறம் மங்கலிலிருந்து பிரகாசம் வரை ஏறும் பேலட்டும் அதே மெனுவில் இருந்தது.

போனில் கேட்டபோது, தண்ணி கலங்கல், பெரிய மாடல் வாங்குங்கள் என்றார்கள். கடைசியில் சரிசெய்து கொடுத்தது கடலூர் முதுநகரில் விசைப்படகுகளுக்கு எக்கோ சவுண்டர் (ஒலியால் ஆழமும் மீனும் காட்டும் பழைய வகைக் கருவி) பழுதுபார்க்கும் ஒரு பெரியவர். முதலில் எல்லாவற்றையும் கம்பெனி செட்டிங்கிற்குத் திருப்பினார். பிறகு கயிற்றில் ஈயக்குண்டு கட்டித் தண்ணீரில் இறக்கச் சொன்னார். நடுத்தண்ணீர் சுத்தமாகி, குண்டு மட்டும் தனிப் புள்ளியாக ஏறி இறங்குவது தெரியும்வரை கெயினைக் குறைத்துக்கொண்டே வந்தார். அதற்கப்புறம்தான் நிறத்தைத் தொட்டார். பகல் வெயிலுக்கு வெள்ளைப் பின்னணி. ராத்திரிக்குக் கறுப்புப் பின்னணி, திரை வெளிச்சமும் குறைவாக; இல்லாவிட்டால் திரையைப் பார்த்த கண்ணுக்கு எதிரே வரும் படகு தெரியாது. சித்தப்பாவுக்கு அந்த ஒற்றை நிறப் பேலட். போலரைஸ்டு கூலிங் கிளாஸ் போட்டுப் பார்த்தால் சில திரைகள் இருட்டாகத் தெரியும், அதைக் கருவிக் கோளாறு என்று நினைக்க வேண்டாம் என்றும் சொன்னார். ஒரு பைசா வாங்கவில்லை.

இன்னொன்றையும் கடையில் மறைத்தார்கள். இந்த லைவ் கருவிகள் அமெரிக்க ஏரிகளில் தூண்டில் போடுகிறவர்களிடம் பரவலாகப் புழங்குபவை. மிக உயர்ந்த அலைவரிசையில் வேலை செய்வதால் படம் தெளிவாக இருக்கும், ஆனால் தூரம் போகாது. தெளிந்த தண்ணீரிலேயே சுமார் 60 மீட்டர், அதாவது 33 பாகம்தான் கணக்கு. கலங்கலில் இன்னும் குறையும். ஆழக்கடலுக்குப் போகிறவர்களுக்கு 50 கிலோஹெர்ட்ஸ் என்ற தாழ்ந்த அலைவரிசையில் வேலை செய்யும் சாதாரண எக்கோ சவுண்டர்தான் உதவும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "தொழிலுக்கு வாங்கினது, நுகர்வோர் கோர்ட்ல செல்லாது" என்று மிரட்டிப் பார்த்தார்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், சொந்தமாகத் தொழில் செய்து பிழைக்க மட்டும் வாங்கிய பொருள் வணிகக் கணக்கில் சேராது, அதற்குப் புகார் செல்லும் என்று தெளிவாக இருக்கிறது. வாங்கிய கடை புதுச்சேரியில் இருந்தாலும், நாம் குடியிருக்கும் கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் இல்லை, 2 ஆண்டுக்குள் போட வேண்டும். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்து புகார் பதியலாம், நான் பதிந்துவிட்டேன். பில்லில் "கலர் செட்டிங்" என்று தனி வரியாக அவர்களே எழுதிக் கொடுத்திருப்பது இப்போது எனக்குப் பெரிய பலம்.

வீராம்பட்டினம், நல்லவாடு, தாழங்குடா பக்கம் யாராவது இதே மாதிரி செட்டிங் போட்டு வாங்கியிருந்தால், அடுத்த முறை வலை இறக்கும் முன் கெயின் எந்த அளவில் இருக்கிறது என்று பாருங்கள். உச்சத்தில் இருந்தால் திரையைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள், சேர்ந்தே புகார் கொடுப்போம்.