முதல் கேமராவாக நிக்கான் டி3500: பதின்வயதுப் பிள்ளைக்குப் பொருந்துமா?

ஒளிப்படக் கலையில் ஆர்வம் கொண்ட பதின்வயதுப் பிள்ளைக்கு முதல் கேமரா வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் மெகாபிக்சல் எண்ணிக்கையையும், சந்தைக்கு வந்திருக்கும் புதிய மாடலையும் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். ஒரு படம் ஏன் நன்றாக அமைந்தது, இன்னொன்று ஏன் கெட்டுப்போனது என்பதை அந்தப் பிள்ளை தானே கண்டறிய அந்தக் கருவி எந்த அளவுக்கு உதவும் என்பதை அதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும் என்பது என் எண்ணம். அந்த அளவுகோலில் வைத்துப் பார்க்கும்போது, 2018 ஆகஸ்டில் அறிமுகமாகி, இப்போது உற்பத்தி நின்றுபோய், பெரும்பாலும் பயன்படுத்திய நிலையிலேயே கிடைக்கும் நிக்கான் டி3500 இன்றும் முதல் கேமராவாகப் பரிந்துரைக்கத் தக்கதாகவே இருக்கிறது. வீடியோவில் நாட்டமுள்ள பிள்ளைக்கு மட்டும் இது பொருந்தாது. காரணத்தைப் பின்னர் சொல்கிறேன்.

இதில் ஒளியைப் படமாக மாற்றும் 24.2 மெகாபிக்சல் சென்சாரின் அளவு 23.5 × 15.6 மி.மீ.; கைப்பேசியில் இருக்கும் சென்சாரைவிடப் பல மடங்கு பெரியது. ஆனால், கற்றுக்கொள்பவருக்கு இதைவிடப் பயனுள்ளது பின்புறத் திரையில் தெரியும் தகவல் பக்கம். ஷட்டர் வேகம் (ஒளி உள்ளே விழும் நேரம்), அப்பர்ச்சர் (லென்ஸில் ஒளி நுழையும் துளை), ஐ.எஸ்.ஓ. (ஒளிக்குச் சென்சார் காட்டும் உணர்திறன்) ஆகிய மூன்றும் மூன்று வட்டங்களாக அங்கே காட்டப்படுகின்றன. அப்பர்ச்சரை மாற்றும்போது அதற்குரிய வட்டத்துக்குள் வரையப்பட்ட துளை கண்ணின் பாவையைப் போலச் சுருங்குவதும் விரிவதும் தெரியும். அப்பர்ச்சரைக் குறிக்கும் எண்களில் எஃப் 4 என்பது எஃப் 5.6 ஐவிடச் சிறிய எண்ணாக இருந்தும் ஏன் பெரிய துளையைக் குறிக்கிறது என்ற குழப்பம், பல பக்க விளக்கத்தைவிட இந்தப் படத்தால் விரைவாகத் தீரும். எஃப் 4 இலிருந்து எஃப் 5.6 க்குப் போனால் உள்ளே வரும் ஒளி பாதியாகிறது என்பதையும், அதை ஈடுகட்ட ஷட்டரை 1/250 நொடியிலிருந்து 1/125 நொடிக்குக் கொண்டுவர வேண்டும் என்பதையும் பிள்ளை தன் கையாலேயே மாற்றிப் பார்த்துப் புரிந்துகொள்ளலாம். மேற்புற டயலில் ‘கைடு’ என்று தனியாக ஒரு முறையும் உண்டு. பின்னணியை மங்கலாக்குவது, ஓடுவதை உறைந்தாற்போல எடுப்பது போன்ற தேவைகளைத் தேர்ந்தால், எந்த அமைப்பை மாற்ற வேண்டும் என்று அது வழிகாட்டும். ஆர்வமுள்ள பிள்ளை சீக்கிரமே அதைத் தாண்டிப் போய்விடும்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழலாம். உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவில் கண் வைத்துப் பார்க்கும் மின்னணு வ்யூஃபைண்டர், படம் எவ்வளவு வெளிச்சமாக அல்லது இருட்டாக வரும் என்பதை எடுப்பதற்கு முன்பே காட்டிவிடும். டி3500 இன் கண்ணாடி வழி வ்யூஃபைண்டரில் அந்த வசதி இல்லை. விரைவாகச் சரியான படம் வேண்டுமென்றால் மிரர்லெஸ்தான் மேல் என்பதை மறுக்க முடியாது. ஆனால் வெளிச்சத்தை முன்கூட்டியே கணித்து, எடுத்தபின் திரையில் சரிபார்த்து, மறுபடி திருத்தி எடுக்கும் பழக்கம் இதில் தானாக ஏற்படுகிறது. கற்கும் பருவத்தில் அது நல்ல பயிற்சி என்றே நினைக்கிறேன்.

பேட்டரியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. சீப்பா என்னும் ஜப்பானியக் கேமரா தயாரிப்பாளர் சங்கத்தின் அளவீட்டின்படி ஒரு முறை சார்ஜ் செய்தால் 1,550 படங்கள். தொடக்கநிலை மிரர்லெஸ் கேமராக்கள் பலவற்றில் இது சில நூறோடு நின்றுவிடுகிறது. பேட்டரியும் மெமரி கார்டும் சேர்ந்த, லென்ஸ் இல்லாத உடலின் எடை சுமார் 415 கிராம். கைப்பிடி ஆழமாக இருப்பதால் நீண்ட நேரம் பிடித்திருந்தாலும் விரல்கள் நழுவுவதில்லை.

லென்ஸ் விஷயத்தில்தான் கூடுதல் கவனம் வேண்டும். உடன் வரும் 18-55 மி.மீ. லென்ஸ் பகல் வெளிச்சத்தில் குறை சொல்ல முடியாதது; ஆனால் 55 மி.மீ. முனையில் எஃப் 5.6 ஐவிடப் பெரிய துளையாகத் திறக்காது என்பதால் வீட்டுக்குள் மாலை நேரத்தில் திணறும். இந்தச் சென்சார் அளவுக்கென நிக்கான் உருவாக்கிய டி.எக்ஸ். வகை 35 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் அதைவிட ஒன்பது மடங்குக்கும் அதிகமான ஒளியை உள்ளே விடுகிறது. ஜூம் இல்லாததால், எடுப்பவரே முன்னும் பின்னும் நகர்ந்து சட்டகத்தை அமைக்கப் பழகுவார். புதிய உடலுக்குச் செலவிடுவதைக் காட்டிலும் பயன்படுத்திய உடலோடு இந்த லென்ஸைச் சேர்த்து வாங்குவது மேலானது. பழைய ஏ.எஃப்.-டி வகை லென்ஸ்கள் மட்டும் வேண்டாம். அவற்றைச் சுழற்றும் மோட்டார் இந்த உடலில் இல்லாததால் தானியங்கி ஃபோகஸ் வேலை செய்யாது.

குறைகளும் உண்டு. திரை மடங்காது, தொடுதிரையும் அல்ல. வீடியோ ஃபுல் எச்.டி. அளவோடு நின்றுவிடுகிறது, வெளி மைக் பொருத்தத் துளை இல்லை, திரையைப் பார்த்து எடுக்கும்போது ஃபோகஸ் தாமதமாகிறது. வீடியோவிலும் சமமான விருப்பமுள்ள பிள்ளைக்கு, 2023 இல் வெளிவந்த கேனான் ஆர்50 போன்ற மிரர்லெஸ் கேமராவைப் பார்ப்பதே சரி. டி3500 வெளிவந்த அதே மாதத்தில் நிக்கான் தன் மிரர்லெஸ் கேமராக்களுக்கான இசட் மவுண்ட்டை (லென்ஸ் பொருத்தும் அமைப்பை) அறிவித்துவிட்டதால், டி3500 இல் உள்ள எஃப் மவுண்ட்டில் புதிய லென்ஸ்களை எதிர்பார்ப்பதற்கில்லை. ஆனால் மேலே சொன்ன 35 மி.மீ. லென்ஸை எஃப்.டி.இசட். அடாப்டர் மூலம் இசட் கேமராக்களிலும் தானியங்கி ஃபோகஸுடன் பயன்படுத்த முடியும்.

பயன்படுத்திய கேமராவை வாங்கும்போது, எஃப் 16 இல் ஒரு வெளிர்நிறச் சுவரைப் படமெடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். கரும்புள்ளிகள் தெரிந்தால் சென்சாரில் தூசி படிந்திருக்கிறது. அதை உதறித் தள்ளும் அதிர்வு வசதி இந்த மாடலில் கிடையாது. ஷட்டர் எத்தனை முறை இயங்கியது என்ற எண்ணிக்கை கேமராவின் மெனுவில் இல்லாவிட்டாலும் படக்கோப்புக்குள் பதிவாகியிருக்கும். அதைப் படித்துக் காட்டும் மென்பொருள்கள் உள்ளன. லென்ஸின் ஒருபுறம் டார்ச் அடித்து மறுபுறமிருந்து பார்த்தால் பூஞ்சை இழைகள் இருந்தால் தெரிந்துவிடும். 18-55 லென்ஸ் இரண்டு வகையாக விற்கப்பட்டது என்பதால், கை நடுக்கத்தை ஈடுசெய்யும் வகைக்குரிய ‘வி.ஆர்.’ எழுத்துகள் அதன்மேல் பொறிக்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்த பிறகே பணத்தைக் கொடுங்கள்.