18 டன் இரும்பை விட்டுவிட்டு எடைப்பட்டியல் தந்த இணையச் சேவை: கட்டணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

இரும்புக் கட்டடத்தைக் கணினியில் வரைந்த கட்டமைப்பு மாடலை அனுப்பினால் இரும்பு எடையைத் துல்லியமாகக் கணக்கிட்டுத் தருகிறோம் என்று கட்டணம் வாங்கும் இணையச் சேவை ஒன்றை நம்பி நாங்கள் விலைப்புள்ளி கொடுத்தோம். நேற்றுதான் கடைசி லோடு எடைமேடையில் ஏறி இறங்கியது. அவர்கள் தந்த பட்டியலில் 212 டன். பெயிண்ட் அடிப்பதற்கு முன்பே எடுத்த எடைச் சீட்டுகளின் கூட்டுத்தொகையோ 230 டன். மொத்தத் தொகை பேசி எடுத்த ஒப்பந்தம் என்பதால், விடுபட்ட 18 டன் இரும்பை வாங்கியது, வெட்டியது, பற்றவைத்தது, ஏற்றி அனுப்பியது என எல்லாச் செலவும் எங்கள் தலையில் விழுந்துவிட்டது. பணத்தைத் திரும்பக் கேட்டு இன்னும் போராடிக்கொண்டிருப்பதால் அந்தத் தளத்தின் பெயரை இங்கே எழுதவில்லை.

அவர்களை எதற்காக நம்பினோம் என்பதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உங்களிடமும் இதையேதான் செய்து காட்டுவார்கள். கட்டணம் கட்டுவதற்கு முன் அவர்களுடைய பொறியாளர் திரையைப் பகிர்ந்து, எங்கள் மாடலையே திறந்து, 6 மீட்டர் நீளமுள்ள ஓர் ஐபிஇ 300 பீமைத் (300 மில்லிமீட்டர் உயரமுள்ள ஐ வடிவ இரும்பு உத்திரம்) தொட்டுக் காட்டினார். 253.2 கிலோ என்று வந்தது. கையேட்டில் அந்தப் பீமுக்கு மீட்டருக்கு 42.2 கிலோ, ஆறால் பெருக்கினால் அதே 253.2. "பார்த்தீர்களா சார், தசமம்கூட மாறவில்லை, போல்ட் வரைக்கும் இதே துல்லியம்தான்" என்றார். அந்த நிமிடமே பணத்தைக் கட்டினோம்.

18 டன் எங்கே போனது என்று இப்போது பட்டியலை வரிவரியாகப் பிரித்துப் பார்த்தபோதுதான் நடந்தது புரிந்தது. திரையில் காட்டிய பீம், மென்பொருளின் பிரிவு அட்டவணையில், அதாவது ஒவ்வொரு வகை பீமுக்கும் அளவும் எடையும் தயாராக உள்ள பட்டியலில், இருக்கும் எடையை எடுத்துக்கொண்டது. எங்களுக்கு அனுப்பிய பட்டியலிலோ அதே பீம் 244.4 கிலோ என்று இருக்கிறது. அதாவது, அட்டவணைப் பிரிவுகளை நீக்கிவிட்டு, அகலம், உயரம், தடிமன் மட்டும் கொடுத்து மூன்று செவ்வகங்களாக வரைந்த பிரிவுகளை வைத்திருக்கிறார்கள். வெப்பும் (ஐ வடிவின் நடுத்தகடு) ஃபிளாஞ்சும் (மேல், கீழ்ப் பட்டைகள்) சேரும் உள்மூலையில் 15 மில்லிமீட்டர் ஆரமுள்ள வளைவில் இருக்கும் இரும்பு கணக்கிலேயே வரவில்லை. நான்கு மூலைகளிலும் சேர்த்து அது 193 சதுர மில்லிமீட்டர். மீட்டருக்கு ஒன்றரைக் கிலோ. ஒரு பீமில் கண்ணுக்குத் தெரியாத இந்த அளவு, எல்லாப் பீம்களிலும் தூண்களிலும் சேர்ந்து சுமார் 5 டன் ஆகிவிட்டது.

இதைவிடப் பெரிய ஓட்டை தகடுகளில் இருந்தது. மாடலை, வெவ்வேறு மென்பொருள்களுக்கு இடையே கட்டட மாடலைப் பரிமாறப் பயன்படும் ஐஎஃப்சி கோப்பாக மாற்றி, அதில் பீம், தூண், மற்ற உறுப்புகள் என்று வகைப்படுத்தப்பட்டவற்றை மட்டும் கூட்டியிருக்கிறார்கள். அந்தக் கோப்பு வடிவத்தில் தகடுகள் தனி வகை, போல்ட்டுகள் வேறொரு வகை. அதனால் பேஸ் பிளேட் (தூணின் அடித்தகடு), குசெட் தகடு (உறுப்புகளை இணைக்கும் தகடு), எண்ட் பிளேட் (பீமின் முனைத்தகடு), ஸ்டிஃப்னர் (வலுவூட்டும் தகடு) எதுவுமே பட்டியலில் இல்லை. 12 மில்லிமீட்டர் தகடு ஒரு சதுர மீட்டருக்கு 94.2 கிலோ எடை இருக்கும். எங்கள் வேலையில் தகடுகள் மட்டும் சுமார் 11 டன். மீதி 2 டன் போல்ட்டுகளிலும் படிக்கட்டுக் கைப்பிடிகளிலும் போயிருக்கிறது. போல்ட் வரைக்கும் துல்லியம் என்று வாய்கூசாமல் சொல்லிப் பணம் வாங்கியவர்களின் பட்டியலில் ஒரு போல்ட்கூட இல்லை.

கேட்டபோது வந்த பதில்கள் இன்னும் கொடுமையானவை. முதலில் "மென்பொருள் தந்த எண், அதில் தவறு வராது" என்றார்கள். பிறகு உருட்டாலையில் பீம் தயாராகும்போது வரும் எடை வேறுபாடு என்றார்கள். ஐ, எச் பிரிவுகளுக்கான ஐரோப்பியத் தரமான இஎன் 10034 அனுமதிப்பதே 4 சதவீதம்தான், எங்களுக்கு வந்திருப்பது எட்டரைச் சதவீதம் என்று எழுதினேன். உடனே, உங்கள் மாடலில் அடர்த்தி தவறாக இருந்திருக்கும் என்று பழியை எங்கள் பக்கம் திருப்பினார்கள். கன மீட்டருக்கு 7850 கிலோவுக்குப் பதிலாகச் சில மென்பொருள்களில் வரும் 7833 இருந்திருந்தாலும் 212 டன்னில் அரை டன்கூட மாறாது. இது 18 டன். அதற்குப் பதிலே இல்லை. புகார் "தீர்க்கப்பட்டது" என்று மூடப்பட்டது. மீண்டும் திறந்தபோது, முடிவுகள் குறிப்புக்காக மட்டுமே என்று நிபந்தனைகளில் உள்ள வரியை வெட்டி ஒட்டி அனுப்பி, அடுத்த மாடலுக்குக் கட்டணச் சலுகை தருவதாகவும் சொன்னார்கள். 18 டன் இரும்பைச் சொந்தக் காசில் போட்டவனிடம் பேசும் பேச்சா இது?

விரிவாக எழுத இப்போது மனநிலை இல்லை. திரையில் காட்டும் ஒரு பீமின் எடையை நம்பாதீர்கள். அதே பீம் இறுதிப் பட்டியலில் எவ்வளவு என்று பாருங்கள். தகடுகளுக்கும் போல்ட்டுகளுக்கும் தனி மொத்தம் இல்லாத பட்டியலுக்கு மீதிப் பணம் கொடுக்காதீர்கள். வெட்டுவதற்கு முன் உள்ள முழுத் துண்டின் மொத்த எடையா, வெட்டுகளைக் கழித்த நிகர எடையா என்று எழுத்தில் வாங்குங்கள். குசெட் போன்ற முக்கோணத் தகட்டில் இந்த இரண்டும் ஏறக்குறைய இருமடங்கு வேறுபடும். உறுப்பின் நீளம் அச்சுப் புள்ளியிலிருந்து (உறுப்புகளின் மையக் கோடுகள் சந்திக்கும் புள்ளி) அச்சுப் புள்ளி வரையா, உண்மையில் வெட்டும் நீளமா என்பதையும் கேளுங்கள். முழுக் கட்டணத்தையும் முன்பணமாகக் கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.