கிட்டைக் கட்டித் தருகிறேன் என்பவரிடம் கொடுக்கும் முன்

போன ஐப்பசியில் ஆரம்பித்த கதை. எழுதுவதா வேண்டாமா என்று தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தேன். மயிலாடுதுறைக்காரர் ஒருவர் தானும் இதே ஆளிடம் இதே மாதிரி மாட்டிக்கொண்டதாகப் போன வாரம் சொன்னதும், சரி, எழுதிவிடுவோம் என்று உட்கார்ந்துவிட்டேன். பெயரைப் போடவில்லை. 'பிளாஸ்டிக் மாடல் கட்டி, ஏர்பிரஷில் பெயிண்ட் அடித்துத் தருகிறேன்' என்று வாட்ஸப் குழுக்களில் வேலை பிடிப்பவர் என்று மட்டும் சொல்லி வைக்கிறேன்.

இந்த கிட்டுகளை, அதாவது பெட்டியில் பாகம் பாகமாக வருகிற மாடல்களை, முப்பது வருஷமாக நானே ஒட்டிக் கட்டியவன்தான். இரண்டு வருஷமாக வலது கை நடுங்குகிறது. அரிசி மணி அளவுப் பாகத்தைக் கிடுக்கியில் பிடித்தால் அது தரையில்தான் இருக்கும், அப்புறம் டார்ச் அடித்துக்கொண்டு கட்டிலுக்கடியில் தேட வேண்டும். இந்த நிலையில்தான் சிங்கப்பூரில் இருக்கும் மகள் ஹாசெகாவா என்கிற ஜப்பான் கம்பெனியின் ஹரிகேன் மார்க் 2சி கிட் ஒன்றை வாங்கி வந்தாள். ஹரிகேன், இரண்டாம் உலகப்போர்க் காலத்து பிரிட்டிஷ் போர் விமானம். 48-இல் ஒரு பங்கு அளவு. நிஜ விமானத்தின் இறக்கை நுனிக்கு நுனி 40 அடி, மாடலில் அது 25 சென்டிமீட்டர் சொச்சம்.

ஹரிகேன் ஏன் என்றால், அம்மாவின் சித்தப்பா பர்மா போர்முனையில் இந்திய விமானப்படையில் ஃபிட்டராக இருந்தவர். ஹரிகேன் ஒன்றின் பக்கத்தில் கால்சட்டையோடு நிற்கிற படம் ஒன்று வீட்டில் உண்டு. இறக்கையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் பீரங்கிக் குழாய் இரண்டு அதில் நன்றாகத் தெரியும். 2சி-க்கு 20 மில்லிமீட்டர் பீரங்கி மொத்தம் நான்கு. மார்க் 1-க்கு அது கிடையாது, எட்டு இயந்திரத் துப்பாக்கிகள், எல்லாம் இறக்கைக்குள் அடங்கிவிடும். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பேசியது 6,000 ரூபாய். முன்பணம் 3,000. கிட்டோடு படத்தின் நகலையும் கொடுத்து ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னேன்: விமானத்தின் மேல் வரும் விமானப்படை வட்டச் சின்னத்தில் சிவப்பு வரக் கூடாது. ஆசியப் போர்முனையில் ஜப்பான்காரனின் சிவப்பு வட்டத்தைப் பார்த்த குழப்பத்தில் நம் ஆளே நம் விமானத்தைச் சுட்டுவிடக் கூடாது என்று சிவப்பை எடுத்துவிட்டு, கருநீலத்துக்குள் வெளிர்நீலம் வைத்தார்கள். கறுப்பு வெள்ளைப் படத்திலேயே நடு வட்டம் வெளிறித்தான் இருக்கும். அந்தச் சின்னத்துக்கான டீகாலை, அதாவது நனைத்து ஒட்டுகிற படத்தை, தனியாக வரவழைத்து அதையும் கொடுத்தேன்.

தீபாவளிக்குள் தருவதாகச் சொன்னார். அப்புறம் 'மழை சார், பெயிண்ட் காயல' என்றார். நியாயமான காரணம்தான் என்பதால் நான் கேள்வி கேட்கவில்லை. டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகையில் லேக்கர் பெயிண்ட் அடித்தால், தின்னர் சட்டென்று ஆவியாகிற குளிர்ச்சியில் காற்றின் ஈரம் பெயிண்டின் மேல் படிந்து வெள்ளை பூத்துவிடும். நடுநடுவே 'வேலை நடக்குது சார்' என்று படங்கள் அனுப்பினார். அழகான வேலை. பீரங்கிக் குழாய் நாலும் நேர்த்தியாக நின்றன. பச்சை கட்டிங் மேட், ஓரத்தில் ஒரு காபிக் கோப்பை. அந்தக் கோப்பையைப் பார்த்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். நம்ம ஊரில் வேலை செய்கிற மேசையில் டம்ளர்தானே இருக்கும்!

கார்த்திகை கடைசியில் தஞ்சாவூர் புதிய பேருந்து நிலையத்துக்கு வரச் சொன்னார். இருட்டுகிற நேரம். தெர்மகோல் வைத்து, டேப் சுற்றிய அட்டைப்பெட்டி. 'வீட்ல போய்ப் பிரிங்க சார், இங்க தூசி' என்றார். பாக்கி 3,000-த்தையும் அங்கேயே ஜிபேயில் அனுப்பிவிட்டேன். என் கிட்டின் காலிப் பெட்டியைக் கேட்டேன். மறந்து வந்துவிட்டாராம், கூரியரில் அனுப்புவாராம்.

கும்பகோணம் பேருந்தில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அய்யம்பேட்டை தாண்டியதும் பொறுக்கவில்லை. டேப்பை நகத்தால் கிழித்து, மூடியைக் கொஞ்சம் தூக்கி, உள்ளே கையை விட்டு இறக்கையைத் தடவினேன். கட்டைவிரலில் நிரடியது. கோடு கோடாக, மேடாக.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பழைய காலத்து மாடல்களில் தகடு சேரும் கோடுகள் மேடாக இருக்கும். எஃகு அச்சில் கோடு கீறுவது சுலபம், அச்சில் பள்ளமாகக் கீறினால் பிளாஸ்டிக்கில் மேடாக விழும். என் கிட் பின்னால் வந்தது, கோடெல்லாம் மெல்லிய பள்ளம். ஹரிகேனின் பின்னுடல் மரச்சட்டத்தின் மேல் துணி போர்த்தியது என்பதால் அங்கே வரிவரியாக மேடு தெரிவது சரி. 2சி-யின் இறக்கை தகடு, அங்கே மேட்டுக்கு வேலையே இல்லை. அப்படியே விரலை முன் விளிம்புக்குக் கொண்டுபோனேன். பீரங்கிக் குழாய் நாலில் ஒன்றுகூட இல்லை. உடைந்த தடமும் இல்லை, வழுவழு என்று இருந்தது.

என் கிட்டை எடுத்து வைத்துக்கொண்டு, எங்கேயோ கிடந்த பழைய மார்க் 1 ஒன்றைக் கட்டிக் கொடுத்திருக்கிறார். இரண்டுக்கும் இறக்கை அகலம் ஒன்றுதான், ஸ்கேல் வைத்து அளந்தாலும் பிடிபடாது.

வீட்டில் டியூப் லைட் வெளிச்சத்தில் மிச்சமும் தெரிந்தது. விமானத்தின் மண்பழுப்பு நிறம் என்றால் கோடை உழவு போட்ட வயல் மாதிரி இருக்க வேண்டும், இது செங்கல் பொடி. அதன் மேல் விபூதி பூசியதுபோல் வெள்ளைப் பூப்பு. மழை என்று சொல்லிவிட்டு மழையிலேயேதான் அடித்திருக்கிறார். விமானி கூண்டின் கண்ணாடியை ஃபெவிக்விக் வைத்து ஒட்டியிருக்கிறார். அதன் ஆவி பட்டால் தெளிவான பிளாஸ்டிக் புகைந்துபோகும். இட்லிப் பானையைத் திறக்கும்போது மூக்குக் கண்ணாடியில் படிகிற ஆவி மாதிரி, ஆனால் இதைத் துடைக்க முடியாது. நம்ம வெள்ளை ஃபெவிகாலே அதற்குப் போதும். டீகாலைப் பளபளப்பில்லாத மேட் பெயிண்டின் மேல் நேராக ஒட்டியதில் அடியில் காற்று சிக்கி, ஓரமெல்லாம் வெள்ளி வெள்ளியாக மினுக்கியது. முதலில் பளபளப்பு வார்னிஷ் ஒரு கோட் கொடுத்திருந்தால் அது வராது.

வட்டத்தின் நடுவில் சிவப்பு. குங்குமச் சிவப்பு. நான் வாங்கிக் கொடுத்த டீகாலும் போயிற்று என்று அப்போது புரிந்தது.

போன் செய்தேன். 'ஏர்ஃபோர்ஸ்னா சிவப்பு இருக்கும் சார்' என்று எனக்கே பாடம் எடுத்தார். குழாயைக் கேட்டதற்கு, பெயிண்ட் அடிக்கும்போது உடைந்ததாம். நாலுமா? 'சின்னப் பார்ட்டு சார்.' மேடுகோட்டைப் பற்றிக் கேட்டதும் லைன் கட்டாகிவிட்டது. மறுநாள் பார்த்தால் என்னை பிளாக் செய்திருந்தார். அவர் அனுப்பிய படங்களை மகள் இணையத்தில் தேடிப் பார்த்தாள். அத்தனையும் எவனோ ஒரு வெளிநாட்டுக்காரன் கட்டிய மாடலின் படங்கள், காபிக் கோப்பை உட்பட.

என் தப்பும் இருக்கிறது. கிட்டைக் கொடுக்கும் முன் பாகங்கள் ஒட்டிக்கொண்டு வருகிற ஸ்ப்ரூ சட்டங்களைப் பரப்பி ஒரு படம்கூட எடுத்து வைக்கவில்லை. இறக்கைப் பாகத்தின் உள்பக்கம் ஊசியால் ஒரு கீறல் போட்டிருக்கலாம், ஒட்டுவதற்கு முன் அந்தக் கீறல் தெரிகிற மாதிரி படம் கேட்டிருக்கலாம். அன்றைய செய்தித்தாளைப் பக்கத்தில் வைத்து எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தால் கோப்பைக்காரன் படம் வந்திருக்காது. நீங்கள் யாரிடமாவது கொடுப்பதாக இருந்தால் இதையெல்லாம் செய்யுங்கள். கோபித்துக்கொள்கிற ஆளாக இருந்தால் கிட்டைக் கொடுக்காதீர்கள். பாக்கிப் பணத்தைப் பகல் வெளிச்சத்தில், பெட்டியைப் பிரித்துப் பார்த்த பிறகு கொடுங்கள். மயிலாடுதுறைக்காரருக்கும் இருட்டுகிற நேரம்தான், பேருந்து நிலையம்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு குழுவில் ஹாசெகாவா ஹரிகேன் 2சி ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. '5,500, பாகங்கள் முழுசு, பிரிக்காதது' என்று போட்டிருக்கிறது. விற்கிற பெயர் வேறு. பெட்டியின் மேல்பக்கத்தை மட்டும்தான் படம் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். வாங்க நினைப்பவர் அடிப்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். வலது மூலையில் கடை ஸ்டிக்கர் பாதி கிழிந்து, அதன் பக்கத்தில் பென்சிலால் சின்னதாக 'அப்பாவுக்கு' என்று எழுதியிருந்தால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.